ஜெயசீலனுக்கு ஏன் பத்திரிகை வைக்கவில்லை

சேகர்,

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து போன் பண்ணியபோது, "யப்பா, ஜெயசீலன் மாமாவுக்கு ஏன் இன்னும் பத்திரிகை வைக்கல?" என்று கேட்டாய். பேசியது பக்கத்து வீட்டுப் போன். அந்த வீட்டுக்காரி வெங்காயம் உரிக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "செத்த பொறு, பொறவு சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். பிறகு சொல்வதாகச் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுத்து பெரிது பெரிதாக இருக்கிறதே என்று நினைக்காதே. ஒற்றைக் கண்ணுக்கு இவ்வளவு பெரிதாக எழுதினால்தான் வரி வரியாக நிற்கிறது. நீ அவரை மாமா என்று கூப்பிடுவதே எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் என்ன உன் அம்மாவோடு கூடப் பிறந்தவரா?

நோய் என்னவென்று உனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் உன் அம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள். என் உடம்பில் இருப்பதை என் மகனுக்கு நான் சொல்ல வேண்டுமா, அவள் சொல்ல வேண்டுமா? கேட்டால், "நீங்க சொல்லுவியன்னு காத்திருந்தா அவன் பேரனே எடுத்துருவான்" என்கிறாள். நீயும் லேசுப்பட்டவன் இல்லை. கட்டிக்கப்போகிற பெண்ணை உட்காரவைத்து, எங்கப்பாவுக்கு இப்படி, பம்பாய்ப் பக்கம் சரக்கோடு போன காலத்தில் வாங்கி வந்தது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயாம். அந்தப் பெண்ணும் சரி என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். இருபத்தைந்து வருஷம் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தி நான் சொல்லாத ஒன்றை, தாலி கட்டுவதற்கு முன்பே நீ சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறாய்.

ஜெயசீலன் விஷயம் கண்ணில் ஆரம்பித்தது. என் வேலை உனக்குத் தெரியும், ஆனால் நீ சின்னப் பையனாக இருக்கும்போது பார்த்தது. பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயவைத்துக் கொண்டுவந்தால், அடியில் டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேஜைமேல் அதை ஓடவிட்டு, இழை விட்ட இடம், எண்ணெய்க் கறை, பூச்சி ஒட்டிய இடம் எல்லாம் பார்த்து வெட்டுவேன். நான் பார்த்துவிட்ட துணியை முதலாளி திரும்பப் பார்க்கமாட்டார். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது. நீ திருப்பூர் போன மறு வருஷம் என் உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி வந்து தோல் உரிந்தது. வெளுக்கிற தொட்டியில் கை வைப்பவர்கள் எல்லாருக்கும் எப்போதாவது உரியும். பிளீச்சிங் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டித் தேங்காய் எண்ணெய் தடவினேன். அதுவாகவே மறைந்தும் மறையாமலும் கிடந்தது. சில மாதம் கழித்துக் கண் சிவந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் குத்தியது. பஞ்சிலும் நூலிலும் பிழைக்கிற ஊரில் கண் சிவந்தால் எல்லார் வாயிலும் வருவது ஒன்றுதான்: பஞ்சு விழுந்திருக்கிறது.

சோழபுரத்தில் கண்ணில் விழுந்த தூசியை நாக்கால் தொட்டு எடுக்கிற ஓர் அம்மா இருந்தார்கள். அங்கே போனேன். இமையைத் திருப்பி, நாக்கை விட்டுத் துழாவி, நுனியில் ஒரு வெள்ளைப் பிசிறை எடுத்துக் காட்டினார்கள். "இந்தா பாரு, எம்புட்டுப் பஞ்சு." நானும் பார்த்தேன். பஞ்சுதான். எனக்கு ரொம்பத் திருப்தி. நாள் முழுக்கப் பஞ்சுக்குள் நிற்பவன் கண்ணில் பிசிறு இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. இங்கே ஒரு டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், கொஞ்சம் தெளிந்து மறுபடியும் மங்கியது. கடைசியில் நான் பார்த்து அனுப்பிய துணியில் கையகலத்துக்கு எண்ணெய்க் கறை. முதலாளி என் எதிரிலேயே கணக்கப்பிள்ளையிடம் அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில், இவனுக்குக் கண் போய்விட்டது, மேஜையில் வேறு ஆளைப் போடு என்றார். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். இத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தவனுக்கு அது கூடவா புரியாது? என் ஸ்டூலில் வேறொருவன் உட்கார்ந்தான். அந்த மனுஷன் கெட்டவன் இல்லை, ஆனாலும் இன்றுவரை அவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

அதற்குப் பிறகுதான் மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். பார்த்தது ஒரு பெண் டாக்டர். கண்ணுக்குள் லைட் அடித்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கண்ணை விட்டுவிட்டுக் கையைக் காட்டச் சொன்னார்கள். "இது என்ன?" என்றார்கள். "பிளீச்சிங் பவுடரும்மா, வேலை அப்படி" என்றேன். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளங்காலிலும் அதே புள்ளி. "தொட்டிக்குள்ள காலையும் வச்சு வேலை பாப்பீங்களோ?" என்றார்கள். உன் அம்மா பக்கத்தில் நின்று என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் எடுத்தார்கள். மறுமுறை போனபோது இரண்டு வியாதியின் பேரைச் சொன்னார்கள். ஒன்று சிபிலிஸ், நம் ஆட்கள் மேகநோய் என்பது. மற்றது எச்.ஐ.வி. "ரெண்டும் சேந்து இருக்கிறதால இது கண்ணுக்குள்ள வேகமா போயிருக்கு. பெரிய வியாதிக்கு நம்ம கையில இன்னும் சரியான மருந்து இல்ல. ஆனா இந்தக் கண்ணுக்கு இருக்கு, பென்சிலின். மருந்து இருக்கிற வியாதியில கண்ணை விட்றாதீங்க" என்றார்கள். எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் நீ எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அங்கேயே தங்கி ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன். அந்த வார்டில் நம் ஊர்க்காரர்கள் புரை எடுக்க வந்து வரிசையாகப் படுத்திருந்தார்கள். பச்சைத் துணி கட்டிய கண்ணோடு என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற யோசனைகூட இல்லாமல் பயந்தேன். சரி, தினமும் ஒரு ஊசி, கூடவே மாத்திரை, ஒரு நாள்கூட விடக்கூடாது, இரண்டு வாரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இங்கே இரண்டு இடத்தில் சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, ஊசி போட ஆள் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். டிவியில் எய்ட்ஸ் என்று மண்டை ஓட்டைக் காட்டி விளம்பரம் போட்ட காலம், யாரைக் குறை சொல்ல? உன் அம்மா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கூடவே ஒரு ஆள், இந்த ஜெயசீலன். அவள் பிறந்த தெருக்காரர், டாக்டர் ஒருவரிடம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், மனைவியை இழந்தவர். அந்தக் கடைசி விவரம் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

என் கண்ணில் அந்த நாட்களில் ஆள் அசைவது மட்டும் தெரியும், முகம் தெரியாது. பேண்டேஜ் துணியை நாலாக மடித்துக் கட்டிக்கொண்டு பார்க்கிற மாதிரி. காது மட்டும் நன்றாகக் கேட்டது. அவர் வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டதும் உன் அம்மா எழுந்திருப்பாள். "சரசு, தண்ணி கொதிச்சிட்டா?" என்று அவர் கேட்பார். சரசு. நான் ஒரு நாளும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி, இந்தா, எங்க போய்த் தொலைஞ்சே, இவ்வளவுதான் என் வாயில் வரும். அவள் பேர் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று வேறொருவர் வாயில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் ஊசியை வெந்நீரில் போட்டு எடுத்து, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்லி, "மாப்ள, திரும்பிப் படுங்க" என்பார். ஊசி முடிந்ததும் போக வேண்டியதுதானே? போகமாட்டார். அடுப்படியில் காப்பி. அடுப்படியில் பேச்சு. குரல் தாழ்ந்துவிடும். "அண்ணன்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டேன்" என்பாள் அப்புறம். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? ஊர் மேய்ந்தவன் நான், வீட்டை விட்டு நகராதவள் அவள், சந்தேகம் எனக்கு. சிரிப்பாக இருக்கிறதல்லவா? எனக்கு அப்போது வயிறு எரிந்தது. இப்போதும் இதை எழுதும்போது எரிகிறது.

ஒரு வாரம் போல ஆனது. ஒரு மத்தியானம் படுத்திருந்தபோது வலது கண்ணில் சுவர்க் கடிகாரத்தின் முள் தெரிந்தது. நம்பாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். முள்தான், ஓடுகிறது. சேகர், அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன். அடுப்படி வாசலில் நின்றேன். மாதக்கணக்கில் முகம் தெரியாமல் இருந்தவனுக்கு முதலில் தெரிந்த முகம் உன் அம்மாவுடையது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தி, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே அந்த ஆள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அய்யனார் கோவில் அருவியில் ஒரு தரம் அப்படிச் சிரித்தாள், அதற்குப் பிறகு எனக்காக அவள் அப்படிச் சிரித்ததில்லை. கண் தெரிகிறது என்று சொல்ல வந்தவன், "நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மருந்து பாதியில நிக்கக்கூடாது மாப்ள" என்றார். "அது எம்பாடு" என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் ஊசி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உன் அம்மா சோற்றை மட்டும் வைத்தாள். அப்புறம் ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மருந்துக் குப்பிகளோடு வந்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். "திரும்பிப் படுங்க" என்றாள். "யாரு போடப்போறா?" என்றேன். "நாந்தேன்." "ஒனக்கு எங்க தெரியும்?" அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவிய வந்து ரெண்டாம் நாளே சொல்லிட்டாவ. ஒம் புருசன் முறைக்கிற முறையைப் பாத்தா எந்நேரம் என்னைய வெரட்டுவாருன்னு தெரியாது சரசு, அதுக்கு முன்ன நீ படிச்சிக்கோன்னு. தெனமும் கத்திரிக்காய்ல குத்திப் பழகினேன். அன்னைக்கு அமுக்கின அமுக்குல தண்ணி பீச்சி அவிய கண்ணாடியெல்லாம் அடிச்சிட்டு. அதுக்குத்தேன் சிரிச்சேன். இப்பத் திரும்பிப் படுக்கியளா, இல்லையா?" நான் திரும்பிப் படுத்தேன்.

அவள் முதலில் ஈரப் பஞ்சால் துடைத்து, இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடித்து, குத்தியபின் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்துவிட்டாள். அவர் தேய்க்கிற மாதிரியே. அவள் என்னைத் தொட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. எண்பதுகளில் நான் பம்பாய்க்குப் போய்வர ஆரம்பித்த காலத்திலேயே என் சட்டையை மோந்துபார்த்துவிட்டோ என்னவோ, பாயைத் தனியாகப் போட்டுக்கொண்டவள். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு என்மேல் பட்ட அவள் கையில் வேறொருவர் சொல்லிக்கொடுத்த பழக்கம் இருந்தது. வலித்ததா என்று கேட்டாள். வலிக்கவில்லை என்றேன். நான் எதற்கு முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

விட்டுப்போனதால் கணக்கை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அத்தனை ஊசியும் உன் அம்மாதான் போட்டாள். வலது கண் வந்துவிட்டது. இடது கண் வரவில்லை. நான் விட்ட அந்த நாட்களால் போனதா, பஞ்சு பஞ்சு என்று அலைந்த மாதங்களிலேயே போய்விட்டதா என்று டாக்டரம்மாவுக்கும் சொல்லத் தெரியவில்லை. நானும் தெரிந்துகொள்ள ஆசைப்படவில்லை.

அந்த ஊசி நாட்களில் ஒரு நாள், எனக்கு நெஞ்சுக்குள் கிடந்ததை எப்படியோ கேட்டுவிட்டேன். "ஒனக்கு ரத்தம் பாக்கணும்ன்னு சொன்னாவளே." "பாத்தாச்சி," என்றாள், குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே. "எப்ப?" "அவிய வந்த மொத நாளே ரத்தம் எடுத்துட்டுப் போனாவ. ரெண்டும் இல்லைன்னு வந்திட்டு." தனக்கு இல்லை என்று சந்தோஷமாகச் சொல்லவில்லை, எனக்காக வருத்தப்பட்டும் சொல்லவில்லை. நான் சாமியைக் கும்பிட்டிருக்க வேண்டும். கும்பிட்டேன், அப்புறம். முதலில் வந்தது வேறு. என் பெண்டாட்டியின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்னால் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் தன் பயத்தைச் சொல்லி அழுத இடம் நான் இல்லை. அதைவிடக் கேவலமான ஒன்றும் வந்தது. அவள் ரத்தம் சுத்தமாக இருக்கிறதே என்று அவள்மேலேயே பொறாமை வந்தது. நான் மட்டும் தனியாகப் போகப்போகிறேன் என்று இருந்தது. தனிப் பாய் போட்டதை எத்தனை தடவை குத்திக்காட்டியிருக்கிறேன். அந்தப் பாய்தான் உனக்கு உன் அம்மாவை மிச்சம் வைத்திருக்கிறது. அதற்காக உன் கல்யாணத்தில் நான் அவளுக்குக் கடமைப்பட்டவன் என்று எழுத நினைத்தேன், அதுவும் சரியான வார்த்தையாகப் படவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று நீ நினைக்கலாம். தகுதி இருப்பவர்கள் யாரும் உனக்கு இதைச் சொல்லமாட்டார்கள். நீயும் அந்தப் பெண்ணும் முகூர்த்தத்துக்கு முன்னால் சேர்ந்து போய் ரத்தம் பாருங்கள். சந்தேகப்பட்டு இல்லை, சேர்ந்து போய் வந்தோம் என்று இருக்கட்டும். சாயப் பட்டறையில் நிற்கிறாய், உடம்பில் எது வந்தாலும் சாயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதே. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடு, நாலு பேர் முன்னால் கூப்பிடு. அவள் பயந்தால் ஓடி வந்து சொல்கிற இடம் நீயாக இரு. அந்த இடத்தை நீ காலியாக விட்டால் யாராவது ஒரு நல்ல மனுஷன் வந்து உட்கார்ந்துவிடுவான். கெட்டவன் வந்தால் அடித்து விரட்டலாம், நல்லவனை ஒன்றும் செய்ய முடியாது. அதுதான் பெரிய தொல்லை.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பத்திரிகையை ஒருவராகப் போய் வைத்தால் பாதி அழைத்த மாதிரி, நானும் உன் அம்மாவும் சேர்ந்துதான் போக வேண்டும். மண்டபமோ ஸ்ரீவில்லிபுத்தூரில், அவர் வீட்டிலிருந்து நாதஸ்வரம் கேட்கிற தூரத்தில். அவரை விட்டுவிட்டு உன் கல்யாணம் நடந்தால் உன் அம்மா மேடையில் நிற்பாள், ஆனால் என் பக்கம் திரும்பமாட்டாள். என்னிடம் இருப்பது ஒரு கண், எத்தனை காலத்துக்கு என்று சொல்ல முடியாத ஒரு உடம்பு. இரண்டும் இருக்கும்போதே நீ தாலி கட்டுவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் தை மாதத்திலேயே நாள் குறிக்கச் சொன்னேன். பக்கத்தில் அவள் முகம் தூக்கிக்கொண்டு நின்றால் நான் எதைப் பார்ப்பது? உன் போன் வந்த பிறகு மூன்று நாள் முரண்டு பிடித்தேன். நேற்றுக் காலையில் நானே சட்டையை மாட்டிக்கொண்டு, "சரசு, தட்டுல வெத்தல பாக்கு எடுத்து வை, ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வந்திருவோம்" என்றேன். அவள் தட்டைத் தேடாமல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் மெலிந்துவிட்டார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, பத்திரிகையையும் வாங்கவில்லை. முதலில் உள்ளே போய் டார்ச் லைட்டை எடுத்துவந்தார். "மாப்ள, லைட்டப் பாருங்க. இந்தக் கண்ணு?" "இல்ல." "இது?" "தெரியுது அண்ணாச்சி." "என்ன தெரியுது?" "மீசை பூரா நரைச்சிட்டு உங்களுக்கு," என்றேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் பஸ்ஸிலேயே மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே உன் அம்மா சொன்னாள்: "கல்யாணத்தன்னைக்கு அண்ணனை ஒங்களுக்கு எடப்பக்கமா உக்கார வச்சிருவோம். அந்தப் பக்கம் ஒங்களுக்குத் தெரியாதுல்ல, நிம்மதியா இருக்கலாம்." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன், கண்டக்டர் திரும்பிப் பார்த்தான்.

அதனால் நாற்காலி போடுகிற பையனிடம் நீ இப்போதே சொல்லி வை. அவரை என் வலது பக்கம் உட்கார வை. உன் அம்மா அவரிடம் வந்து என்ன சொல்லிச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன்னைப் பார்க்க ஒரு கண்ணோடு காத்திருக்கும்,
அப்பா